விழித்திரை தீபாவளி முடியும்வரை காத்திருக்காது

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒருவருக்கு விழித்திரையில் கோளாறு என்று டாக்டர் சொன்னால், அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "என்ன வைத்தியம்?" என்பதாக இருக்காது. "எத்தனை தடவை வரணும்?" என்றுதான் இருக்கும். இதை விவரம் தெரியாத கேள்வி என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் சரியான கேள்வியாகப் படுகிறது. நாள்கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் வேலை செய்கிறவருக்கு மதுரைக் கண் மருத்துவமனைக்குப் போய்வருவது என்றால் தன்னுடைய ஒருநாள் கூலி, துணைக்கு வருகிறவரின் ஒருநாள் கூலி, பஸ் காசு, சாப்பாடு எல்லாம் சேர்ந்தது. விழித்திரைக்கு இருக்கும் லேசர், ஊசி, அறுவை என்ற மூன்று வழிகளும் வேறுபடும் முக்கியமான இடமும் இதுவே. ஒரு வழி இரண்டு, மூன்று வரவிலேயே முடியும். இன்னொன்று மாதாமாதம், சிலருக்கு வருடக்கணக்கில் கூப்பிடும். பாதியில் நின்றால் எது எப்படிக் கைவிடும் என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் உட்புறமாக ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். புரை விழுந்தால் லென்ஸை மாற்றிவிடலாம். விழித்திரைக்கு மாற்று கிடையாது, அதில் செத்த செல் மறுபடி முளைப்பதும் கிடையாது. ஆகவே இங்கே வைத்தியத்தில் பாதி, இருக்கிற பார்வையைக் காப்பாற்றுவதற்கு. போனதில் கொஞ்சம் திரும்ப வந்தால் அது கூடுதல்.

நோய் வெளியே தெரிவதற்கு முன்

செய்க: சர்க்கரை என்று தெரிந்ததும் ஒரு முறை, அதன்பின் வருடத்துக்கு ஒரு முறை, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பாருங்கள். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு கணக்கிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதாக இன்னொரு நாடு தழுவிய ஆய்வு சொன்னது. இந்த நோய் வலிக்காது, கண் சிவக்காது. உள்ளே ரத்தக்குழாய் கசிந்து, அடைத்து, புதிதாக வலுவற்ற குழாய்கள் முளைத்த பிறகும் பட்டாசுத் திரி முறுக்கவும், லேபிள் ஒட்டவும், அருப்புக்கோட்டைத் தறியில் இழை முடியவும் பார்வை போதுமானதாகவே இருக்கும். புதுக்குழாய் உடைந்து ரத்தம் கசிந்து, கண் முன்னால் கறுப்பு இழைகள் நீந்தத் தொடங்கும் நாளில்தான் ஆள் பதறி ஓடுகிறார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம், விழித்திரைப் பரிசோதனைக்கு எங்கே போகவேண்டும் என்று கேட்டுவையுங்கள். மாத்திரை வாங்குகிற கையோடு கேட்டால் அவருக்கும் அது பழகிவிடும்.

செய்க: ஊர் முகாமில் விழித்திரையைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள் என்றால் போய் உட்காருங்கள். எதிரில் டாக்டர் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. விழித்திரைப் படத்தைக் கணினியே படித்து நோயைக் கண்டுபிடிக்கும் என்று 2016இல் கூகுள் வெளியிட்ட ஆய்வுக்கு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் எடுத்த படங்களும் பயன்பட்டன. நம் ஊர்க் கண்களைப் பார்த்துப் படித்த கணினி என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் "மருத்துவமனைக்குப் போங்கள்" என்று சீட்டு வந்தால் போகவேண்டும். படம் எடுத்ததே வைத்தியம் என்று எண்ணி அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைக்கக் கூடாது.

கூடாது: கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு, கண் முழுதும் பார்த்தாகிவிட்டது என்று திருப்தி அடையாதீர்கள். அங்கே அளப்பது எழுத்துத் தெரிகிற அளவை மட்டும்.

செய்க: சிவகாசியில் அச்சாகும் மாதக் காலண்டர் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. படிக்கிற கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடி, நடுக் கட்டத்துத் தேதி ஒன்றையே உற்றுப் பாருங்கள். சுற்றியுள்ள கோடுகள் வளைகின்றனவா, ஏதாவது கட்டம் மங்கியோ காணாமலோ போகிறதா? பிறகு அடுத்த கண். வளைந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் ஏதோ நடக்கிறது, அந்த வாரமே காட்டவேண்டும். இரண்டு கண்ணையும் ஒன்றாகத் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு வாரம் ஒரு முறை இது போதும். கோடு நேராகத் தெரிகிறது என்பதற்காக வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிட முடியாது. ஆரம்ப நோய் காலண்டரில் பிடிபடாது.

செய்க: திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிறது, பூச்சி பறப்பது ஒரே நாளில் பல மடங்காகிறது, ஓரத்திலிருந்து திரை இறங்குகிறது. இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். விழித்திரை கிழிந்திருக்கலாம். கிழிசலோடு பிடித்துவிட்டால் சுற்றிலும் லேசர் போட்டு அன்றே வீடு திரும்பலாம். விட்டால் அந்த ஓட்டை வழியாகத் திரவம் பின்னால் புகுந்து, ஈரம் பட்ட தீப்பெட்டி லேபிள் போல விழித்திரை சுவரைவிட்டு உரியத் தொடங்கும். நடுப்பகுதி உரிவதற்கு முன் அறுவை செய்தவருக்கும், உரிந்தபின் செய்தவருக்கும் கிடைக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு. அதிக மைனஸ் பவர் போடுகிறவர்கள், புரை அறுவை செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

செய்க: ஒரு கண் சில நொடிகளில், வலியே இல்லாமல், முழுதாக இருண்டால் அது கண்ணுக்கு வந்த பக்கவாதமாக இருக்கலாம். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கலாம். 108ஐக் கூப்பிட்டு, பக்கவாதத்தைக் கவனிக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சில மணி நேரத்தில் விழித்திரை செத்துவிடும். அடுத்த அடைப்பு மூளையில் வரவும் வாய்ப்பு உண்டு.

கூடாது: "தீபாவளி முடியட்டும்." இந்தப் பகுதியில் கண்ணைக் கெடுக்கும் வாக்கியம் ஒன்று உண்டென்றால் இதுதான். ஆர்டர் குவியும் மாதங்களில் பட்டாசு ஆலைக்கு லீவு போட முடியாது, அந்த மாதங்களின் கூலியும் போனஸும்தான் வருடத்தைத் தள்ளும் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் ஆடி கழியட்டும், பங்குனிப் பொங்கல் முடியட்டும் என்றும் தள்ளுவார்கள். புரை அறுவைக்கு அப்படித் தள்ளினால் பெரும்பாலும் நஷ்டமில்லை. விழித்திரையில் எதைத் தள்ளலாம், எதைக் கூடாது என்று டாக்டரையே கேளுங்கள். வருடாந்திரப் பரிசோதனையை ஆலை மூடியிருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். லேசரைச் சில சமயம் ஒன்றிரண்டு வாரம் தள்ளலாம். உரிந்த விழித்திரையையும், வெடித்துக் கண்ணுக்குள் போன துண்டையும், குறைமாதக் குழந்தையின் கண்ணையும் ஒருநாள்கூடத் தள்ள முடியாது.

கூடாது: தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடவேண்டாம். பொன்னாங்கண்ணியைக் கூட்டு வைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. கசிந்த குழாயை அது அடைக்காது.

டாக்டர் முன்னால்

செய்க: எத்தனை முறை வரமுடியும் என்ற உண்மையை முதல் நாளே சொல்லுங்கள். "வந்துடுறேன் டாக்டர்" என்று மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வராமல் இருப்பதைவிட, "தீபாவளி வரைக்கும் என்னால் மாசாமாசம் வர முடியாது, பேத்தியைத்தான் கூட்டிட்டு வரணும்" என்பது டாக்டருக்குப் பெரிய உதவி. அவர் தேர்ந்தெடுக்கும் வைத்தியமே அதனால் மாறலாம். எப்படி மாறும் என்பது கீழே ஊசிப் பகுதியில் இருக்கிறது.

செய்க: சர்க்கரை நோட்டு, மூன்று மாதச் சராசரி ரிப்போர்ட், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், சிறுநீரக ரிப்போர்ட், முன்பு எடுத்த கண் ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செய்க: வெளியே வருவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். பார்வை கூடுமா, இருக்கிறது நிற்குமா? இந்த வருடம் எத்தனை முறை வரவேண்டும்? நடுவில் வராமல் போனால் என்ன ஆகும்? மூன்றாவதைக் கேட்கத்தான் எல்லாருக்கும் கூச்சம்.

கூடாது: சொட்டு மருந்து விட்ட கண்ணோடு வண்டி ஓட்டக் கூடாது. நாலைந்து மணி நேரமாவது பார்வை கலங்கும், வெளிச்சம் கூசும். அன்று அரைநாள் கூலியாவது பார்க்கலாம் என்று பட்டாசு மருந்து அறைக்கோ, அச்சகத்தில் கட்டிங் மிஷினுக்கோ போவது அதைவிட மோசம்.

கூடாது: டாக்டர் எழுதாத ஸ்டீராய்டைத் தொடாதீர்கள். முதுகு வலிக்கும் மூச்சு இரைப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, சருமத்துக்குப் பூசும் கிரீம், உடம்பு ஏற்றுவதற்கான ஊசி எதிலும் அது இருக்கலாம். நடுவயது ஆண்கள் சிலருக்கு விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து நடுப் பார்வை மங்கும். பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாக வடிந்துவிடும். ஸ்டீராய்டு எடுத்தால் வடியாது, திரும்பத் திரும்ப வரும்.

செய்க: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் காட்டுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை என்றாலும், உங்களுக்கு எழுதிய வைத்தியம் பட்டியலில் உண்டா, அந்த மருத்துவமனை திட்டத்தில் உண்டா என்று கேட்கவேண்டும். அனுமதி வாங்கியபின்தான் அறுவை. முடித்துவிட்டுப் பில்லோடு போனால் பேச்சு எடுபடாது. ஆலையில் சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்தால் சிவகாசி ஈஎஸ்ஐ மருத்துவமனை வழியாகச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

லேசர்

விழித்திரையின் ஓரப்பகுதிகளில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னச் சூடுகளை வைப்பதுதான் சர்க்கரை நோயாளிக்குப் போடும் லேசர். ரத்தம் கிடைக்காத ஓரப்பகுதி, புதுக் குழாய் முளைக்கச் சொல்லி ரசாயனச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சூடு வைத்தால் செய்தி நிற்கும், முளைத்தது சுருங்கும். நோய் முற்றிய கண்களில் கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976இலேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. அதே 1976இல்தான், எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன ஒரு மனிதர், அந்த விரல்களாலேயே கத்தி பிடித்தார்.

செய்க: சொன்ன தவணை எல்லாவற்றையும் முடியுங்கள். வழக்கமாக இரண்டு முதல் நாலு உட்காரல். ஒன்று முடிந்ததும் வலிக்கிறது, பார்வையும் கூடவில்லை என்று நிறுத்தினால் சூடு படாத இடம் தன் வேலையைத் தொடரும். வலி தாங்கவில்லையென்றால் சொல்லுங்கள், மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள்.

கூடாது: "லேசர் அடிச்சும் பார்வை வரலை" என்று தெருவில் சொல்லித் திரியாதீர்கள். அடுத்த வீட்டு மதினியும் போகமாட்டார். வரவேண்டும் என்பதற்காகப் போட்டதே அல்ல அது. ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம் என்பதும் உண்மை. இரவு ஷிப்டுக்கு டிவிஎஸ் வண்டியில் போகிறவர் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

கண்ணுக்குள் ஊசி

பெயரைக் கேட்டே பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, கிருமிநாசினி ஊற்றி, கருவிழிக்குப் பக்கத்து வெள்ளையில் மெல்லிய ஊசியால் துளி மருந்து. சில நொடிதான். சர்க்கரையால் விழித்திரை நடுவில் வரும் வீக்கம், ரத்தக்குழாய் அடைப்பு, முதுமையில் நடுப்பகுதியில் முளைக்கும் கசிவுக் குழாய் ஆகியவற்றுக்கு இன்று முதல் வைத்தியம் இதுதான். போன பார்வையை ஓரளவு திரும்பக் கொண்டுவரவும் இதனால் முடியும்.

செய்க: மருந்தின் பெயரையும் விலையையும் கேளுங்கள். அவாஸ்டின் என்ற பெயரில் வரும் பெவாசிசுமாப் குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து. ஒரு குப்பியைச் சுத்தமான சூழலில் பல ஊசிகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால் மலிவு. ரானிபிசுமாப் கண்ணுக்கென்றே வந்தது. அதன் இந்திய நிகர் மருந்தான ராசுமாப் 2015இல் வந்தபின் விலை இறங்கியது. அஃப்லிபெர்செப்ட் இன்னும் விலை கூடுதல். முதுமைக் கசிவு நோயில் பெவாசிசுமாபும் ரானிபிசுமாபும் பார்வையைக் காப்பதில் சமம் என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. சர்க்கரை வீக்கத்தில் பார்வை ஏற்கெனவே நன்றாகக் குறைந்திருந்தால் அஃப்லிபெர்செப்ட் முதல் வருடத்தில் முந்துகிறது என்று 2015 ஆய்வு சொன்னது. ஆக, விலை உயர்ந்ததை வாங்க முடியவில்லை என்பதற்காக வைத்தியமே வேண்டாம் என்று எழுந்து வருவதற்கு நியாயமில்லை. மலிவான ஊசியை ஒழுங்காகப் போட்டவர், விலை உயர்ந்ததை ஒன்றோடு நிறுத்தியவரைவிட நன்றாக இருப்பார்.

கூடாது: ஒரு ஊசியில் தெளிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மருந்தின் வேகம் ஒரு மாதத்துக்கு மேல் கொஞ்சம்தான் நிற்கும். வீக்கம் திரும்பும். தொடக்கத்தில் மாதம் ஒன்றாகப் பல ஊசி, பிறகு ஸ்கேன் பார்த்து இடைவெளியைக் கூட்டுவது என்பதுதான் முறை.

இங்கேதான் "எத்தனை தடவை வரணும்?" என்ற முதல் கேள்விக்குத் திரும்ப வரவேண்டியிருக்கிறது. புதுக் குழாய் முளைத்த முற்றிய சர்க்கரைக் கண்ணுக்கு லேசர் போடலாம், அதற்குப் பதில் ஊசிகளாகவும் போடலாம், இரண்டும் சமம் என்று 2015இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஊசியில் ஓரப் பார்வை இழப்பும் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவழைத்தார்கள். 2019இல் பிலடெல்பியா டாக்டர்கள், ஆறு மாதத்துக்கு மேல் வராமல் போய்த் திரும்பிவந்த நோயாளிகளை மட்டும் பார்த்தார்கள். லேசர் போட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் ஓரளவு தப்பியிருந்தார்கள். ஊசி மட்டும் போட்டுவிட்டுக் காணாமல் போனவர்களில் பலருக்கு விழித்திரை இழுபட்டு உரிந்திருந்தது. அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கே அந்தக் கதி. வெம்பக்கோட்டைக்கு அப்பால் உள்ள கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவரின் கண்ணுக்கு நான் டாக்டராக இருந்தால் லேசரை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். நான் டாக்டர் இல்லை. அதனால்தான் உங்கள் டாக்டரிடம் உங்கள் பஸ் நேரத்தைச் சொல்லச் சொல்கிறேன். நடுப்பகுதி வீக்கமும் சேர்ந்து இருந்தால் லேசரோடு ஊசியும் வேண்டியிருக்கும். மாதாமாதம் முடியாது என்றால் சில மாதம் நிற்கும் ஸ்டீராய்டு மருந்துத் துண்டைக் கண்ணுக்குள் வைக்கிறதும் உண்டு. அதில் கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம். ஏற்கெனவே புரை அறுவை ஆனவருக்கு அந்தக் கவலையில் பாதி இல்லை.

செய்க: ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, பார்வை மங்கினாலோ அந்த ராத்திரியே திரும்பப் போங்கள். உள்ளே கிருமி புகுவது மிக அரிது. புகுந்துவிட்டால் மணிக்கணக்குதான் அவகாசம். ஊசி போட்ட இடத்தில் மட்டும் சின்ன ரத்தத் திட்டு தெரிந்து வலியில்லாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

அறுவை

உரிந்த விழித்திரைக்கும், வடியாத ரத்தக் கசிவுக்கும், கண்ணுக்குள் போன துண்டுக்கும் அறுவைதான். உரிதலில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு முதல் அறுவையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டவைத்தபின் அமுக்கிப் பிடிக்க உள்ளே வாயுவையோ சிலிக்கான் எண்ணெயையோ நிரப்புவார்கள்.

செய்க: குப்புறப் படுக்கச் சொன்னால் குப்புறவே படுங்கள். வாயுக் குமிழி மேலே போகத்தான் பார்க்கும். உங்கள் தலை எப்படி இருக்கிறதோ அதற்கேற்பத்தான் அது சரியான இடத்தை அமுக்கும். வீட்டில் விசேஷம், விருந்தாளி வருகிற வாரத்தில் இது நடக்காது. தலைமாட்டுக்குச் சாப்பாடு கொண்டுவர ஒரு ஆள் வேண்டும்.

கூடாது: வாயு உள்ளே இருக்கும்வரை மலையேறக் கூடாது. விமானம் கூடாது என்று எல்லா மருத்துவமனையிலும் சொல்கிறார்கள். நம் பக்கம் விமானம் ஏறுகிறவர் குறைவு, அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறுகிறவர் அதிகம். கொடைக்கானல் 7,000 அடிக்குப் பக்கம். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து குமிழி விரியும், கண் அழுத்தம் எகிறும், பார்வை நரம்பு நசுங்கும். ஒரு வகை வாயு இரண்டு வாரம், இன்னொரு வகை இரண்டு மாதம்வரை இருக்கும். சதுரகிரிச் சுந்தரமகாலிங்கத்தை வாயு கரைந்தபின் பார்த்துக்கொள்ளலாம். இடையில் வேறு அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் கண்ணில் வாயு இருக்கிறது என்று சொல்லியே ஆகவேண்டும்.

கூடாது: எண்ணெய் வைத்ததை மறந்துவிடாதீர்கள். சில மாதம் கழித்து எடுக்கச் சொல்லியிருப்பார்கள். பார்வை ஓரளவு இருக்கிறதே என்று வருடக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறி, ஒட்டிய கண்ணும் போகும். எப்போது எடுக்கவேண்டும் என்பதைக் காலண்டரிலேயே குறித்துவைக்கலாம்.

ஆலையிலும் வாசலிலும் அடிபட்டால்

செய்க: பட்டாசு மருந்துத் தூளோ அமிலமோ கண்ணில் விழுந்தால், உடனே சுத்தமான தண்ணீரை இமையை விரித்துப் பிடித்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவுங்கள். ஆஸ்பத்திரியில் கழுவிக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது. அலுமினியத் தூளையும் உப்புகளையும் கலக்கும் அறையில் வேலை பார்க்கிறவர்கள் எந்தத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டே போகும்படி பழகியிருக்கவேண்டும். போர்மேன் செய்துவைக்கவேண்டிய வேலை இது.

கூடாது: வெடித்த துண்டு கண்ணைத் துளைத்திருந்தால் கழுவவும் கூடாது, தேய்க்கவும் கூடாது, பஞ்சு வைத்து அமுக்கிக் கட்டவும் கூடாது. காகிதக் கப்பின் அடிப்பாகத்தைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்து ஒட்டுங்கள். எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்கவேண்டியிருக்கும். நேராகக் கண் அறுவை வசதியுள்ள இடத்துக்குப் போங்கள்.

செய்க: எப்படி அடிபட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள். வீட்டுத் திண்ணையில் பட்டாசு சுற்றும்போதோ, உரிமம் இல்லாத ஷெட்டில் வேலை பார்க்கும்போதோ நடந்தால் வழக்கு வரும் என்று பயந்து "விறகு வெட்டும்போது பட்டது" என்று சொல்லத் தோன்றும். அந்தப் பொய்யால் டாக்டர் உலோகத் துண்டைத் தேடாமல் விடலாம். கம்பி மத்தாப்பில் உள்ள இரும்புத்தூள் கண்ணுக்குள் தங்கினால் துருப் பரவி விழித்திரையையே மெல்ல நஞ்சாக்கும். உள்ளே இரும்பு இருப்பது தெரியாமல் எம்ஆர்ஐ எடுத்தால் காந்தம் அதை இழுத்து இன்னொரு முறை கிழிக்கும். கண்ணைவிட வழக்கு பெரிதில்லை.

செய்க: ராக்கெட்டோ கல்லோ கண்ணில் பட்டு, சிவப்பும் வீக்கமும் வடிந்து எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், சொன்ன தேதியில் போய் விழித்திரையின் ஓரம்வரை பாருங்கள். அடி வாங்கிய விழித்திரை மாதங்கள் கழித்தும் உரியும். பையன்களுக்கு இது அதிகம். தீபாவளியன்று பட்ட அடி, பொங்கலுக்கு வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று வெளிவரும்.

துளைத்த காயமானால் இன்னொரு கண்ணையும் கவனியுங்கள். அரிதாக, காயம்பட்ட கண்ணால் தூண்டப்பட்ட நோய் எதிர்ப்பு நல்ல கண்ணையும் தாக்கும். நல்ல கண்ணில் சிவப்போ கூச்சமோ மங்கலோ வந்தால் அன்றே காட்டவேண்டும். பல வருடம் கழித்து வந்தாலும் சரி.

செய்க: வேலையில் அடிபட்டது என்று எழுத்தில் பதியவையுங்கள். ஈஎஸ்ஐ உள்ளவர்க்கு வேலை செய்யமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஈஎஸ்ஐ இல்லாதவர்க்கும் சட்டப்படி இழப்பீடு உண்டு. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்துக்கொண்டார் என்பது வேறு, இழப்பீடு வேறு.

கூடாது: திருவிழாக் கடையில் விற்கும் லேசர் விளக்கைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள். கண்ணுக்குள் அடித்து விளையாடினால் விழித்திரை நடுவில் சூடு விழும். அதற்கு வைத்தியம் இல்லை.

குறைமாதக் குழந்தை

34 வாரத்துக்கு முன் பிறந்ததோ, 2 கிலோவுக்குக் குறைவானதோ ஆன குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரை பார்த்தாகவேண்டும். மிகவும் சின்னக் குழந்தையென்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. ரத்தக்குழாய் முழுதாக வளராமல் பிறந்த விழித்திரையில் அவை தாறுமாறாக முளைத்து விழித்திரையை உரித்துவிடலாம். உரிய நாளில் லேசரோ ஊசியோ போட்டால் பெரும்பாலான குழந்தைகள் தப்பும். நாள் தவறினால் பிறவிக் குருடு போல ஆகிவிடலாம்.

கூடாது: தீட்டுக் கழியட்டும், முப்பது நாள் பச்சை உடம்போடு வெளியே கிளம்பக் கூடாது என்று பாட்டி சொல்வதைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். முப்பதாம் நாள்தான் இந்தப் பரிசோதனைக்குக் கடைசி நாள். தாய் வர முடியாவிட்டால் அப்பாவும் சித்தியும் தூக்கிப்போகட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்குங்கள்.

வைத்தியம் இல்லாத இடத்தில்

சில குடும்பங்களில் சின்ன வயதிலேயே இருட்டில் தடுமாற்றம் தொடங்கி, பார்வை நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். மாலைக்கண் என்று கேரட்டும் ஈரலும் கொடுத்துப் பார்ப்பார்கள். விட்டமின் குறைவால் வரும் மாலைக்கண் வேறு. இது மரபணுக் கோளாறு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கும் வழக்கத்தில் வாய்ப்புக் கூடும். ஒரே ஒரு மரபணுவில் வரும் வகைக்கு 2017இல் அமெரிக்காவில் மரபணு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மற்ற வகைகளுக்கு இன்னும் இல்லை.

கூடாது: ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பார்வை வரவைக்கிறோம் என்று பணம் கேட்கும் இடத்துக்கு நகையை விற்றுப் போகாதீர்கள். உண்மையான ஆய்வில் நோயாளியிடம் காசு வாங்கமாட்டார்கள். அமெரிக்காவில் அப்படிக் காசு கட்டி இரண்டு கண்ணிலும் ஊசி போட்டுக்கொண்டு பார்வையைப் பெருமளவு இழந்தவர்களைப் பற்றி 2017இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

செய்க: மிஞ்சிய பார்வைக்கான பிரிவு பெரிய கண் மருத்துவமனைகளில் தனியாக இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி, கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்குவது, வாசித்துக் காட்டும் செயலி, வெளிச்சத்தை எந்தப் பக்கம் வைப்பது எல்லாவற்றையும் உட்கார்த்திச் சொல்லித்தருவார்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கப் போகும்போது கண் மருத்துவமனையின் கடைசி ரிப்போர்ட்டையும் ஆதாரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் கூலி போகும்.